பழைய மோட்டார் சைக்கிள் பாகங்களை இணையத்தில் விற்பவர் வாங்குபவரின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பழைய மோட்டார் சைக்கிள்களைக் கழற்றிப் பாகங்களாக விற்கும் ஒரு சிறிய பட்டறையிலிருந்து இந்தப் பக்கத்தை எழுதுகிறோம். எல்பில், டோவன்பி, ஈவூட் ஆகிய தோட்டங்களின் பெயரோடு வளர்ந்த இவ்வட்டாரத்தில், பால்மரக் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் ஆண்டுக்கணக்காகப் போய்வந்த ஹோண்டா இஎக்ஸ்5, மொடெனாஸ் கிரிஸ், யமஹா எல்சி135 வண்டிகள் பல வீடுகளின் பின்புறத்தில் ஓடாமல் நிற்கின்றன. அப்படி நிற்கும் வண்டியை அப்படியே பழைய இரும்புக்குப் போடுவதைவிடப் பாகம் பாகமாக விற்றால் நல்ல பணம் கிடைக்கும் என்பதால் இளைஞர்கள் பலர் இணைய விற்பனையில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு நாங்கள் சொல்லிவரும் பதில்களும் கீழே உள்ளன.

படமும் விலையும் போட்டிருக்கிறேன். பலர் விசாரிக்கிறார்கள், ஆனால் யாரும் பணம் கட்டுவதில்லை. என்ன காரணம்?

ஜொகூரிலோ சபாவிலோ இருக்கும் ஒருவருக்கு உங்கள் முகமும் தெரியாது, உங்கள் பட்டறையும் தெரியாது. அவருடைய மனத்தில் மூன்று அச்சங்கள் இருக்கும்: பணம் போட்ட பிறகு பொருள் வராமல் போகலாம், வந்த பொருள் தேய்ந்ததாகவோ போலியாகவோ இருக்கலாம், எல்லாம் சரியாக இருந்தும் அது திருட்டு வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம். விலையைக் குறைப்பதால் இவற்றில் எதுவும் தீராது. சந்தை விலையைவிட மிகவும் மலிவாகப் போட்டால் மூன்றாவது அச்சம் இன்னும் கூடும்.

ஆகவே அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்ல வேண்டியவை இரண்டு. பொருளின் குறை என்ன என்பது ஒன்று; அது எந்த வண்டியிலிருந்து, யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பது மற்றொன்று.

பொருள் நேர்மையாக வந்தது என்பதை எப்படிக் காட்டுவது?

இதைத்தான் நாங்கள் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதுகிறோம். மலேசியாவின் தண்டனைச் சட்டம் 411 ஆவது பிரிவின்படி, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ ஒன்றை வாங்கி வைத்திருப்பது குற்றமாகும். அந்தப் பொருள் மோட்டார் வாகனமாகவோ அதன் பாகமாகவோ இருந்தால் 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதோடு அபராதமும் விதிக்கப்படலாம். ‘நம்புவதற்குக் காரணம் இருந்தால்’ என்ற பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். சாவித் துளை உடைக்கப்பட்ட வண்டியை, கிராண்ட் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) இல்லாமல், இரவு நேரத்தில், பாதி விலைக்குக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் வாங்கிவிட்டு எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்வது எடுபடாது.

எங்கள் பட்டறைக்கு வண்டி வரும்போது கிராண்டிலுள்ள பெயரையும் விற்பவரின் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியிலிருந்தே படித்துக் கிராண்டோடு சரிபார்க்கிறோம். வண்டி தகப்பனார் பெயரில் இருந்து, அவர் காலமாகிவிட்டதால் மகன் கொண்டுவருவது தோட்டப் பகுதியில் அடிக்கடி நடக்கும். அப்போது குடும்பத்தார் முறைப்படி பெயரை மாற்றிய பிறகே வாங்குகிறோம். இதில் அவசரப்படுத்தும் அண்ணன்மார்களின் மனவருத்தத்தைத் தாங்கிக்கொள்வது, பிறகு காவல் நிலையத்தில் பதில் சொல்வதைவிட எளிது. விற்றவர் கையொப்பமிட்ட ஒரு சீட்டில் தேதி, பதிவு எண், விலை ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்கிறோம்.

வாங்குபவருக்கு இந்த ஆவணங்களை அப்படியே அனுப்ப வேண்டியதில்லை, அனுப்பவும் கூடாது. முன்னாள் உரிமையாளரின் அடையாள அட்டை எண்ணும் முகவரியும் அடுத்தவர் கைக்குப் போவது தவறு. ‘2011 ஆம் ஆண்டு பதிவான எல்சி135, ஒரே உரிமையாளர், ஆவணங்களுடன் வாங்கிக் கழற்றியது’ என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு, கேட்பவருக்குப் பெயரையும் எண்களையும் மறைத்த படத்தைக் காட்டினால் போதுமானது.

இதைத் தொழிலாகவே செய்கிறவர்கள் 1946 ஆம் ஆண்டின் பழைய பொருள் வணிகர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பழைய பொருள்களை வாங்கி விற்பவர் காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. மாவட்டக் காவல் தலைமையகத்துக்கு நேரில் போய் உங்கள் தொழிலுக்கு என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எஞ்சின் எண் பொறித்த கிராங்க்கேஸை (எஞ்சினின் அடிப்பகுதி உறையை) விற்கலாமா?

உரிய ஆவணம் இருந்தால் மட்டும் விற்கலாம். வாங்குபவர் அதைத் தம் வண்டியில் பொருத்தினால் சாலைப் போக்குவரத்து இலாகாவில் எண் மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அப்போது அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். எண் தேய்க்கப்பட்ட, சுரண்டப்பட்ட, மீண்டும் அடிக்கப்பட்ட கிராங்க்கேஸ் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அதைக் கையால் தொடாதீர்கள்.

படங்களை எப்படி எடுக்க வேண்டும்?

இஎக்ஸ்5 வண்டியின் சிலிண்டர் பிளாக்கை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். பலர் அதை எண்ணெய்ப் பிசுக்கோடு சிமெண்டுத் தரையில் வைத்து, இரவில் மின்விளக்கு வெளிச்சத்தில், மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் படத்தில் வாங்குபவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு கறுப்பு உருவம்தான்.

முதலில் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். காலை வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் மேல் வைத்து, வெளிச்சம் சாய்வாக உள்ளே விழும்படி திருப்பி, சிலிண்டரின் உட்சுவரைப் படம் எடுங்கள். மேலிருந்து கீழாக ஓடும் கீறல் இருந்தால் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் அது தப்பாமல் தெரியும். விரல் நகத்தைக் குறுக்காக ஓட்டிப் பார்த்து, நகம் மாட்டுகிறதா இல்லையா என்பதை எழுதுங்கள். இந்த எஞ்சினின் போர் அளவு (சிலிண்டரின் உள்விட்டம்) புதிதாக இருக்கும்போது 50 மில்லிமீட்டர். முன்பே ரீபோர் செய்திருந்தால், அதாவது உட்சுவரைக் கடைந்து அகலமாக்கியிருந்தால், 50.25, 50.50 என்று கூடியிருக்கும்; பொருந்திய பிஸ்டனின் தலையில் 25, 50 என்று அந்த அளவு அடிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணையும், வெர்னியர் கேலிப்பரைச் சிலிண்டரின் வாய்ப்பகுதியில் வைத்து எடுத்த அளவையும் அருகில் காட்டுங்கள். தேய்மானத்தைத் துல்லியமாகச் சொல்ல வெர்னியர் போதாது. இன்ஜினியரிங் பட்டறையில் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து அளப்பதே முறை. எனவே எந்தக் கருவியில் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குளிர்விக்கும் துடுப்புகளில் எது உடைந்திருந்தாலும் அந்தப் பக்கத்தைத் தனிப் படமாகப் போடுங்கள். கேஸ்கெட் உட்காரும் மேற்பரப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தபோது பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படத்திலாவது உங்கள் கடைப்பெயரையும் அன்றைய தேதியையும் எழுதிய துண்டுத்தாள் பொருளின் அருகில் இருக்கட்டும். பிறர் போட்ட படங்களைத் திருடி, தம்மிடம் இல்லாத பொருளை விற்பது மோசடிக்காரர்களின் வழக்கமான தந்திரம் என்பதை வாங்குபவர்கள் அறிவார்கள். அந்தத் துண்டுத்தாள் பொருள் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

ரிம், பிரேக் டிஸ்க், ஃபோர்க் போன்றவற்றுக்குப் படத்தைவிடச் சிறு காணொளி நல்லது. ரிம்மை அச்சில் மாட்டிச் சுழற்றி, ஓரத்தில் ஓர் ஊசியையோ பேனா முனையையோ நிறுத்திக் காட்டினால் கோணல் இருப்பதும் இல்லாததும் தெளிவாகிவிடும். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உற்பத்தியாளரே பொறித்திருப்பார். அந்தப் பொறிப்பையும், இப்போதுள்ள தடிமனை அளக்கும் கேலிப்பரையும் ஒரே படத்தில் காட்டிய பிறகு வாங்குபவர் கேட்பதற்கு ஒரு கேள்வியும் மிஞ்சாது.

‘ஒரிஜினல்’ என்று எப்போது எழுதலாம்?

நிரூபிக்க முடிந்தால் மட்டும் எழுதுங்கள். யமஹா பாகங்களின் எண்ணில் முதல் மூன்று எழுத்துகளே அது எந்த வண்டிக்கு உரியது என்பதைக் காட்டும். ஒய்15இசட்ஆர் பாகங்கள் பலவற்றில் ‘2என்டி’ என்று வார்ப்பிலேயே இருக்கும். ஹோண்டாவில் எண்ணின் நடுப்பகுதி வண்டியைக் குறிக்கும். இஎக்ஸ்5 டிரீமுக்கு அது ‘ஜிஎன்5’. அந்தக் குறியீட்டை நெருங்கிப் படம் எடுத்துப் போடுங்கள். போலிகளிலும் இக்குறியீடுகளைப் பொறிக்கிறார்கள் என்பதால் இது மட்டுமே இறுதிச் சான்று ஆகாது. ஆனால் நிறுவனத்திலிருந்து வந்த நாள் முதல் மாற்றப்படாத பாகம் என்று முன்னாள் உரிமையாளர் சொன்னதும் சேர்ந்தால் வலு கூடும். உறுதியாகத் தெரியாதபோது ‘வண்டியோடு வந்தது, ஒரிஜினலா என்று உறுதி கூற இயலாது’ என்று எழுதுங்கள். அப்படி எழுதுபவரை வாங்குபவர்கள் தேடி வருகிறார்கள். சந்தையில் கிடைக்கும் மாற்றுப் பாகங்களில் தரமானவையும் உண்டு. அவற்றை மாற்றுப் பாகம் என்றே சொல்லி விற்பதில் குறைவு எதுவும் இல்லை.

குறைகளையெல்லாம் நானே எழுதிவிட்டால் யார் வாங்குவார்கள்?

குறையை ஏற்றுக்கொள்ளக் கூடியவர் வாங்குவார். அவரே நமக்குத் தேவையான வாடிக்கையாளர். நூல் தேய்ந்த ஸ்பார்க் பிளக் துளையுள்ள சிலிண்டர் ஹெட், லேத் வேலை தெரிந்த பட்டறைக்காரருக்குப் பயன்படும் பொருள். அதையே குறை சொல்லாமல், சாலையில் நிற்கும் வண்டிக்கு அவசரமாகப் பாகம் தேடும் தொழிலாளிக்கு விற்றால், அவர் அன்று வேலைக்குப் போக முடியாது. நாள் சம்பளமும் போய்விடும்.

சட்டமும் இதையே ஆதரிக்கிறது. 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்றுக்கொள்ளத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆயினும், வாங்க ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஒரு குறையைக் குறிப்பாக வாங்குபவரின் கவனத்துக்குக் கொண்டுவந்திருந்தால், அந்தக் குறையை மட்டும் காரணமாகக் காட்டிப் பொருள் தரம் தாழ்ந்தது என்று கூற முடியாது. ஆகவே, விளம்பரத்தில் குறையை எழுதுவது வாங்குபவருக்குச் செய்யும் நேர்மை. அதுவே விற்பவருக்கும் பாதுகாப்பு. தொலைபேசியில் வாயால் சொன்னால் பிறகு காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. எழுத்தில் இருக்க வேண்டும்.

குறையைச் சொல்லும் விதமும் முக்கியம். ‘பழைய பொருள், அதற்கேற்ற நிலை’ என்பது குறை சொல்வதாகாது. ‘இடது கவரின் கீழ்க் கொக்கி ஒன்று முறிந்துள்ளது, மற்ற இரண்டும் நன்றாகப் பிடிக்கும்’ என்பதுதான் குறை சொல்வது.

எந்தப் பாகங்களை விற்கவே கூடாது?

தேய்ந்த பிரேக் பேட், பிரேக் ஹோஸ், பழைய சங்கிலி, விழுந்து அடிபட்ட தலைக்கவசம், விரிசல் விட்டு வெல்டிங் செய்த ஃபோர்க் ஆகியவற்றை நாங்கள் விற்பதில்லை, கேட்டாலும் கொடுப்பதில்லை. டயரில் பட்டை நிறைய இருந்தாலும் ரப்பர் முதுமையடையும். டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. மழையில் நனைந்த செம்மண் தோட்டப் பாதையில் அந்த டயரை நம்பிப் போகும் மனிதரை நினைத்துப் பார்த்தால், அதற்குக் கிடைக்கும் சில ரிங்கிட் பெரிதாகத் தெரியாது.

மின்பாகங்களுக்கு உத்தரவாதம் கொடுக்கலாமா?

சிடிஐ (தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் பெட்டி), ஸ்டேட்டர் காயில் (மின்சாரம் உண்டாக்கும் கம்பிச்சுருள்), இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஆகியவை பார்வைக்கு நன்றாக இருந்தும் வேலை செய்யாமல் இருக்கக் கூடியவை. ஆகவே ஓடும் வண்டியில் பொருத்தி எஞ்சினைக் கிளப்பிக் காணொளி எடுங்கள். ஸ்டேட்டர் காயிலுக்கு மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) அளவையும் காட்டுங்கள். பொருள் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாள் சோதனைக் காலம் கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: வயரை வெட்டி ஒட்டியிருந்தால் திரும்பப் பெறுவதில்லை. எத்தனை நாள் கொடுத்தாலும், அந்த உத்தரவாதம் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை விற்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

பணத்தை எப்படிப் பெறுவது?

புதிய விற்பனையாளர்கள் ஷாப்பி போன்ற தளங்கள் வழியாகத் தொடங்குவது நல்லது; பொருள் கிடைத்ததை வாங்குபவர் உறுதி செய்யும் வரை பணம் தளத்திடமே இருக்கும் என்பதால் அவருக்குத் துணிவு வரும். கட்டணம் பிடிப்பார்கள் என்பது உண்மைதான். பெயர் நிலைபெறும் வரை அது கொடுக்கத் தக்க செலவு.

நேரடியாகப் பெறுவதாக இருந்தால் டூயிட்நவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக உங்கள் கடைப்பெயரிலோ உங்கள் பெயரிலோ உள்ள கணக்கில் மட்டும் பெறுங்கள். பணம் அனுப்புவதற்கு முன் பெறுபவரின் பெயர் திரையில் தோன்றும். விளம்பரத்தில் ஒரு பெயரும் திரையில் மைத்துனர் பெயரும் இருந்தால் அந்த நொடியே வியாபாரம் முறிந்துவிடும். மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் காவல்துறையின் செமாக்மியூல் தளத்தில் உங்கள் கணக்கு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளும்படி நீங்களே வாங்குபவரிடம் சொல்லுங்கள். இதைச் சொல்பவர் மோசடிக்காரராக இருக்க வாய்ப்பில்லை என்று அவர் புரிந்துகொள்வார். நீங்களே ஏமாற்றப்பட்டுப் பணம் போய்விட்டால் வங்கிக்கும் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்துக்கும் தாமதமின்றி அழையுங்கள்.

போலி ரசீதுப் படத்தை அனுப்பிப் பொருளைக் கேட்பவர்களும் உண்டு. படத்தை நம்பாமல் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள்.

பொட்டலம் கட்டுவதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, வாங்குபவர் உங்களை முதன்முதலாக நேரில் சந்திப்பது அந்தப் பொட்டலத்தில்தான். கார்புரேட்டரிலும் எஞ்சின் பாகங்களிலும் மிஞ்சியிருக்கும் பெட்ரோலையும் எண்ணெயையும் முழுவதும் வடித்து, காற்றில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுங்கள். எரிபொருள் வாடை வந்தால் கூரியர் வாங்க மறுக்கலாம். அப்சார்பரின் பளபளப்பான தண்டில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் எண்ணெய் கசியத் தொடங்கும். அதனால் தண்டைத் துணியால் சுற்றி, அதன் மேல் அட்டைக்குழாய் போட வேண்டும். மீட்டரைக் குமிழி உறையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்த பிறகு குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் இன்னும் நிரப்ப வேண்டும். கவர்செட் (வண்டியின் வெளி உறைகள்) போன்ற பெரிய, கனமில்லாத பொருள்களுக்குக் கூரியர்கள் எடைக்குப் பதிலாகப் பெட்டியின் கன அளவைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவதால், விலை சொல்வதற்கு முன்பே பெட்டியை அளந்துவிடுங்கள். சபா, சரவாக்குக்கான கட்டணத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பணம் வாங்கிய பிறகு கூடுதல் கட்டணம் கேட்பது நம்பிக்கையை அடியோடு கெடுக்கும்.

வாங்கியவர் வேறு பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பணம் கேட்டால்?

அனுப்புவதற்கு முன் எளிதில் தெரியாத ஓரிடத்தில் பெயிண்ட் பேனாவால் ஒரு குறி இட்டு, அதைப் படம் எடுத்து வையுங்கள். பொட்டலம் கட்டுவதையும் காணொளியாக எடுத்து வைத்திருங்கள். வாங்குபவரிடமும் பொட்டலம் பிரிப்பதைக் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். இது இரு தரப்பையும் காக்கும். தவறு உங்களுடையது என்று தெரிந்தால் திருப்பி அனுப்பும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும். அதில் பேரம் பேசாதீர்கள்.

பேசித் தீராத வழக்குகளைப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு வாங்குபவர் கொண்டுபோகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். நேர்மையாக விற்பவர் அதற்கு அஞ்சத் தேவையில்லை. விளம்பரத்தின் பிரதி, உரையாடல், படங்கள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.

பகுதி நேரமாகத்தான் விற்கிறேன். தொழிலைப் பதிவு செய்ய வேண்டுமா?

தொடர்ந்து விற்கிறீர்கள் என்றால் பதிவு செய்யுங்கள். மலேசிய நிறுவன ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிவதற்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட்டும், வணிகப் பெயரில் பதிவதற்கு 60 ரிங்கிட்டும் ஆகும். இணைய வணிகம் குறித்த 2012 ஆம் ஆண்டின் விதிமுறைகளுக்கு மாற்றாக 2024 இல் வந்த விதிமுறைகள், விற்பவர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்கின்றன. ‘விலைக்கு உள்பெட்டியில் கேளுங்கள்’ என்று எழுதும் பழக்கத்தை இதோடு விட்டுவிடலாம்.

வாங்குபவர்கள் பெரும்பாலும் மலாயில் எழுதுகிறார்கள். எனக்கு மலாய் எழுத்து அவ்வளவாக வராதே?

பேச வரும் அளவுக்கு எழுதினால் போதும். சுருக்கெழுத்தைத் தவிர்த்து, கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் எழுதுங்கள். அளவும் எண்ணும் படமும் எல்லா மொழிக்காரருக்கும் புரியும். பதில் தாமதமாகும் நேரங்களை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். காலையில் காட்டு வேலைக்குப் போய்விட்டு நண்பகலுக்குப் பிறகு பதில் எழுதுபவர் அதையே சொன்னால் வாங்குபவர் பொறுத்துக்கொள்வார். சொல்லாமல் நாள் முழுவதும் மௌனமாக இருந்தால் ஓடிவிட்டார் என்று நினைப்பார்.

யாரோ ஒருவர் கெட்ட மதிப்புரை எழுதிவிட்டார். அழிக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்காதீர்கள், பணம் கொடுத்து அழிக்கச் சொல்வது அதைவிடத் தவறு. அதன் கீழே நடந்ததை நான்கு வரியில், தேதியோடு, கோபமில்லாமல் எழுதுங்கள்: என்ன பொருள், என்ன குறை சொல்லப்பட்டிருந்தது, வாங்கியவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன செய்தீர்கள். அடுத்து வாங்க வருபவர் முதலில் திறந்து பார்ப்பது அந்த ஒற்றை நட்சத்திர மதிப்புரையைத்தான். அவர் உங்கள் பதிலையும் படித்துவிட்டே கார்புரேட்டரின் விலையைக் கேட்பார்.